பதினோராம் நம்பர்

மினியாபொலிஸிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்தார்.
இரண்டு நாள் தங்கி, எங்கள் சாண்ட்விச்சைத் தின்று,
எங்கள் விழுமியங்கள் ஐந்து என்று கண்டுபிடித்தார்.
வரவேற்பறைச் சுவரில் பித்தளை எழுத்தில் அவை இருக்கின்றன.
மூன்றாவதில் ஓரெழுத்து விழுந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது.
என்ன சொல் அது என்று எந்தக் கட்சிக்காரரும் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் அலமாரியைத் திறந்து காட்டியிருப்பேன்:
நீதிமன்றத்துக்கு உடுத்த ஏதுமில்லாமல் வருகிறவர்களுக்கு
ஏழு கழுத்துப்பட்டை, நான்கு கோட்டு,
ஏழாம் நம்பரிலிருந்து பதின்மூன்று வரை கறுப்புக் காலணி.
யார் எடுத்தார், எப்போது திருப்பினார் என்று ஒரு நோட்டு.
அதில் இருப்பது என் கையெழுத்து.

சமையலறையையும் காட்டியிருப்பேன்.
வழக்குக்கு முந்தின ஞாயிறு எங்கள் ஜூரி அங்கேதான்:
தொலைபேசி எடுக்கும் மார்வா, கணக்கு பார்க்கும் ஜெரால்ட்,
தரை துடைக்க வரும் ட்ரெக்.
வெர்னா ஹௌகன் நின்றுகொண்டு வாதாடுவாள்,
முப்பத்தோரு வருடமாக வாதாடுகிறவள்.
"நம்பவில்லை" என்று ட்ரெக் மெல்லும் வாயோடு சொன்னால்
தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.
முகதாட்சணியம் நுழையாத ஒரே அறை.
அந்த ஞாயிறு அவள் பிறந்தநாள். கேக் இருந்தது.

ஆர்லோ கின்னுனென்,
டுலூத் துறையில் இரும்புத்தாது ஏற்றுகையில்
ஏணி முறிந்து விழுந்தவர். முதுகில் இரண்டு கம்பி.
பதினோராம் நம்பரைப் போட்டுக்கொண்டு
நான்கு நாளும் பெஞ்சில் சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

நான்காம் நாள் இரவு ஒன்றரை மணி.
ஏரிக்காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்குகிறது.
அவர் கொடுத்த பிஸ்கட் டப்பாவில்
ரசீதுகளுக்கு அடியே மடித்த தாள் ஒன்று:
"முதுகுவலி. பனி வாரியதால். ஆறு வாரம்."
தேதி, விபத்துக்கு இரண்டு வருடம் முன்.
எதிர்த்தரப்பு கேட்ட காகிதம்.
அப்படி ஒன்று இல்லை என்று நாங்கள் எழுதிக்கொடுத்த காகிதம்.

முழுப் பூசணிக்காய் இல்லை இது.
ஒரு கடுகு.
சோற்றில் போட்டால் சோறுகூட அறியாது.

கேலப் ஆஸ்ட்பி புதியவன், கடனில் படித்தவன்.
தாளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
காகிதம் அரைக்கும் இயந்திரத்தை மட்டும்
மிகக் கவனமாகப் பார்க்காமல் இருந்தான்.
நானும்தான்.

வெர்னாவுக்கு யார் போன் செய்தது என்பதில்
இன்றுவரை எங்களுக்குள் தகராறு.
அவன், நான் என்கிறான். நான், அவன் என்கிறேன்.
இதில் யார் பெருந்தன்மைக்காரர் என்று கேட்காதீர்கள்,
அன்று இருவர் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது.

இரவுடைமேல் கோட்டோடு வந்தாள். இரண்டு முறை படித்தாள்.
"முதலில் ஆர்லோவை எழுப்பு."
மறுமுனையில் நெடுநேரம் மூச்சு மட்டும்.
பிறகு: "அந்த வருஷம் பனி ஜாஸ்தி."
அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு எதிர்த்தரப்பு தங்கிய ஹோட்டலுக்கு
அவளே காரோட்டிப் போய்க் கொடுத்தாள்.
"மின்னஞ்சலில் அனுப்பலாமே" என்றான் கேலப்.
"அனுப்பிவிட்டேன்" என்றாள்.

கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்தது ஜூரி.
ஜூரியில் இருந்த ஒரு பெண் லிஃப்டில் சொன்னாள்:
"அந்தத் தாளா? எங்களுக்கும் முதுகுவலி உண்டு.
ஏணி எப்படி முறிந்தது என்றுதான் கடைசிவரை புரியவில்லை."

வெர்னா நேரே சமையலறைக்கு வந்தாள்.
"ட்ரெக், உனக்கு ஏணி புரிந்ததா?"
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் நின்றான்.
"இல்லை."
"ஏன் சொல்லவில்லை?"
"உங்கள் பிறந்தநாள்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்,
அவனுக்கும் ஒன்றை இழுத்துப் போட்டாள்.

அந்த வருடம் போனஸ் இல்லை.
கேக் வாங்குவதும் இல்லை, ஞாயிறுகளில்.
பதினோராம் நம்பர் இன்னும் திரும்பி வரவில்லை.
துறைப்பக்கம் அதைப் போட்டுக்கொண்டு ஆர்லோ நடப்பதை
மார்வா பார்த்தாளாம், கொஞ்சம் சாய்ந்தபடி.
நோட்டில் அந்த வரிக்கு எதிரே
நான் எதுவும் எழுதவில்லை.