ஒன்பதாம் தேதிக்கான வினைச்சொல்

ஹச்சினொஹே துறைமுகத்தில்
கப்பல் சீட்டு விற்கிறேன்.
ஆங்கிலம் தெரிந்தவன் என்று
இங்கே என் பெயர் கெட்டுப் பல வருடம்.

கணவாய்ப் படகுகளுக்கு எஞ்சின் பார்க்கும் தொகாஷி
கிரீஸ் படாத இரண்டு விரலால் பிடித்து
ஓர் அஞ்சலட்டையை நீட்டினார்.
நெரிஸ் எழுதியது,
கடலுக்கு அப்பால் தொமகொமாயிலிருந்து.
ஒரே வரி.
திரும்புவதாக. ஒன்பதாம் தேதி.

"நம் மொழியில் எழுதிக் கொடு" என்றார்.
பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன்.
அவ்வளவுதான் முடிந்தது.

கயெரு என்று எழுதலாம்.
கூட்டுக்குப் பறவை, வீட்டுக்கு ஆள்,
எது தன் இடமோ அங்கே போய்ச் சேர்வது.
தவளைக்கும் எங்களிடம் அதே ஒலி.
போன பணம் திரும்பட்டும் என்று
பர்சில் பித்தளைத் தவளை வைப்பவர்கள் உண்டு.

மொதொரு என்று எழுதலாம்.
மறந்த குடையை எடுக்கப்
பாதி வழியில் திரும்புகிறோமே, அது.
எடுத்ததும் மறுபடி கிளம்பிவிடலாம்.
ஆனால் காய்ந்த காளான்
இரவெல்லாம் தண்ணீரில் ஊறிப்
பழைய உடம்பை அடைகிறதே,
அதற்கும் இதே சொல்தான்.
கல்நெஞ்சச் சொல் என்று
ஒதுக்கவும் முடியவில்லை.

வரிசையில் பின்னால் ஒரு லாரி ஓட்டுநர் இருமினார்.

அப்போதுதான் உறைத்தது.
பதினோரு வருடம் இந்த ஊரில் இருந்தவள்.
மீன் சந்தையில் எங்கள் கொச்சையிலேயே
பேரம் பேசி ஜெயித்தவள்.
இரண்டு சொல்லும் அவள் நாக்கில் இருந்தன.
தேர்ந்தெடுக்கத் தேவையில்லாத மொழிக்குள்
தெரிந்தேதான் போய் நின்றிருக்கிறாள்,
மழைக்கு, மூடிய கடையொன்றின்
தகரக் கூரைக்குக் கீழே
ஒதுங்குவது மாதிரி.

அவளே செய்யாததை
நான் எப்படிச் செய்வது?
தேதியை எழுதினேன்.
கப்பல் சேரும் நேரத்தை எழுதினேன்.
தொகாஷி தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.
"எப்படி வருகிறாளாம்?"
"கப்பலில்" என்றேன்.
பொய் இல்லை.

ஒன்பதாம் தேதி பனி கொட்டியது.
நாற்பது நிமிடம் தாமதம் என்று
நான்தான் ஒலிபெருக்கியில் சொன்னேன்.
தடுப்புக் கம்பி ஓரமாக நின்றார் தொகாஷி.
கையில் பிளாஸ்டிக் பை.
பைக்குள் அவள் விட்டுப்போன ரப்பர் பூட்ஸ்,
கழுவித் துடைத்தது.

கொடுத்து அனுப்பவும் ஆகும்.
பனியில் வீடுவரை நடக்கவும் ஆகும்.