காலி இல்லை

எங்கள் குழுவுக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது.
கலெக்டர் ஆபீஸ் பின்கட்டில் ஒரு பீரோ,
மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை,
சத்தம் கூடுதலும் காற்று குறைவுமாய் ஒரு மின்விசிறி.
இதை வைத்துக்கொண்டுதான்
மதுரையின் கதவுகளைத் தட்டுகிறோம்.

மனு நாற்பத்தொன்று.
சுடர்க்கொடி, பெரியாஸ்பத்திரி ரத்த வங்கி டெக்னீசியன்.
"பதினோரு வீடு பார்த்தேன்.
பதினொன்றிலும் நேற்றுத்தான்
யாரோ அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள்.
பேர் கேட்டார்கள், பேரில் ஒன்றும் பிடிபடவில்லை.
ஊர் கேட்டார்கள், வாடிப்பட்டிப் பக்கம் என்றேன்.
வாடிப்பட்டியில் எந்தத் தெரு என்றார்கள்."

தலைவர் அருமைராஜ் தபால்துறையில் இருந்தவர்.
தெருப்பெயர் என்பது
கடிதம் போய்ச் சேரத்தான் என்று
முப்பத்திரண்டு வருஷம் நம்பியவர்.
மனுவை இரண்டுமுறை படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விளாங்குடிக்குப் போனோம்.
பத்து பத்துக்குச் சுடர்க்கொடி போனாள்.
காலி இல்லை.
பத்து நாற்பதுக்கு நான்.
அதே சம்பளம் சொன்னேன், அதே மூன்று பேர் என்றேன்.
என் ஊரைச் சொன்னதும்
அங்கயற்கண்ணி அம்மாள்
தெருவைக் கேட்கவே இல்லை.
"வாங்க, வெயில்ல நிக்காதீங்க.
வைகைத் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்,
போர் தண்ணி எப்பவும்."
சாவி கையிலேயே இருந்தது.

விசாரணையில்
வக்கீல் ரமீஜா இரண்டு குறிப்பையும்
குரல் ஏற்றாமல் வாசித்தார்.
"நான் தப்பா ஒரு வார்த்தை பேசலையே" என்றார் அம்மாள்.
"ஆமாம்மா. அதைத்தான் எழுதியிருக்கோம்."
மின்விசிறி கொஞ்சநேரம் பேசியது.
"எனக்கு ஒண்ணுமில்ல சார்.
எதுத்த வீட்டுல கேப்பாங்க."

அடுத்த மாதம் எதிர்வீட்டுக்காரர் வந்தார்.
"எனக்கு ஒண்ணுமில்ல சார். தெருவுல கேப்பாங்க."

தெருவுக்கு எப்படி சம்மன் அனுப்புவது?
தபால்காரர்தான் வழி சொன்னார்:
வீட்டுக்கு ஒரு கார்டு.
பிள்ளையார் கோயில் முன்னால்
வாடகை நாற்காலி நாற்பது போட்டோம்.
ஒன்பது பேர் வந்தார்கள்.
ஒருவர் சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேசினார்.
ஒருவருக்கு ரத்தம் பற்றிச் சந்தேகம்.
"பையில குரூப் மட்டுந்தான் எழுதுவோம் சார்" என்றாள் சுடர்க்கொடி,
வேலையைச் சொல்வதுபோல.
டீ வந்தது. குடித்தார்கள்.
தெரு ஒன்றுமே கேட்கவில்லை.

தை பிறந்து அவள் குடிபோனாள்.
சித்திரையில் பார்க்கப் போனோம்.
மொட்டை மாடியில் இரண்டு கொடி.
பழையதில் அம்மாளின் சேலைகள்.
புதிய நைலான் கயிற்றில்,
நான்கடி தள்ளி,
ஆஸ்பத்திரிச் சீருடை.
யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லையாம்.
"முடிக்கலாமா?" என்று கேட்டேன்.
ரமீஜா கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
தலைவர் பேனாவைத் திறந்து எழுதினார்:
கொடி இரண்டு. கோப்பு தொடர்கிறது.

ராத்திரி வீடு வந்து சட்டையைக் கழற்றும்போது
மனைவி சொன்னாள்,
"நம்ம மாடிப் போர்ஷனைக் கேட்டு
ஒரு பையன் வந்துட்டுப் போனான்."
"எந்த ஊராம்?"
கேட்ட பிறகுதான்
அது என் குரல் என்று எனக்குக் கேட்டது.
அவள் கேட்டிருக்கவில்லை.
காலண்டர் தாளின் பின்பக்கம்
எண் மட்டும் வாங்கி வைத்திருந்தாள்.
பத்து இலக்கம்.
எங்கேயும் தெரு இல்லை.

சட்டைப் பொத்தானில் ஒரு கையும்
போனில் ஒரு கையுமாய் நின்றேன்.
மணி போய்க்கொண்டிருந்தது.