எத்தனை புளோக் நடப்பீர்கள்

இரண்டாம் முறை மாற்றிய இடுப்புகளின் பட்டியல்
ஆண்டுக்கு ஒருமுறை என் மேசைக்கு வரும்.
நொவீனாவில், ஏழாம் மாடியில்,
சன்னல் இல்லாத அறையிலிருந்து
ஒவ்வொருவராக அழைப்பேன்.

படியேறக் கைப்பிடி வேண்டுமா?
ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார முடிகிறதா?
பேருந்தில் ஏறுகிறீர்களா?
நிற்காமல் எத்தனை புளோக் நடப்பீர்கள்?

வினாத்தாளை எழுதியவர் வேறு நாட்டுக்காரர்.
அவருக்கு புளோக் என்றால் தெருமுனைக்குத் தெருமுனை தூரம்.
இங்கே அது பன்னிரண்டு மாடி,
மூங்கில் கழியில் காயும் போர்வை,
கீழ்த்தளத்தில் ஒருநாள் கல்யாணம், ஒருநாள் சாவு.
"நானூற்றுப் பன்னிரண்டிலிருந்து காப்பிக் கடை வரை"
என்கிறார் ஓங் தெக் ஹுவாட்.
வரைபடத்தில் எண்ணி, ஆறு என்று எழுதுகிறேன்.
அவருக்கு வைத்தது துளைத்துளையான உலோகக் கிண்ணம்;
எலும்பு அதற்குள் வேர்விட வேண்டும்.
விட்டிருக்கிறது.

ரொகாயா அம்மாவுக்கு மூன்று முறை நழுவிவிட்டது.
"நெத்தி தரையைத் தொட்டு ஒன்பது வருஷம்.
நாற்காலியிலதான் தொழுகை.
அதுக்கு உங்க தாள்ல கட்டம் இருக்கா?"
இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.

முதல் மூட்டு தேயத் தேயப் பொடி உதிரும்.
பொடியைத் தின்ன வரும் அணுக்கள்
எலும்பையும் சேர்த்துத் தின்றுவிடும்.
அதனால்தான் இரண்டாவதற்கு அத்தனை நீளத் தண்டு:
நல்ல எலும்பு கிடைக்கும்வரை
தொடைக்குள் இறங்கிக்கொண்டே போகும்.

இன்று திருவாட்டி செங்கமலம், ஈசூன், பதினோராம் ஆண்டு.
எடுத்தது கணவர் சிங்காரவேலு.
"தைப்பூசத்துக்கு மறுநாள் போய்ட்டா. நுரையீரல்."
மன்னிப்புக் கேட்டு வைக்கப் போனேன்.
"இரும்மா. கேளு. எனக்குத் தெரியும்."

வலி?
"மழைக்கு முன்னாடி மட்டும்."
ஊன்றுகோல்?
"ஈரச்சந்தைக்கு. மீன் கடைப் பக்கம் வழுக்கும்."
தானே காலுறை போட்டுக்கொண்டாரா?
சிரித்தார்.
"இந்த வெயில்ல யாரும்மா காலுறை? மெட்டியைக் கேளு.
ஆபரேஷனுக்குக் கழட்டச் சொன்னாங்க.
அப்புறம் குனியக் கூடாதுன்னுட்டாங்க.
வார்டுல நான்தான் போட்டுவிட்டேன், ரெண்டாந் தடவையா.
அம்மிதான் இல்லை. கட்டில் கம்பி இருந்துச்சு."

காலுறை: சிரமத்துடன்.
இரண்டு மதிப்பெண்.

எத்தனை புளோக்?
வெகுநேரம் சத்தமில்லை. எண்ணுகிறார் போல.
"கடைசி மாசம் கட்டிலுக்கும் குளியலறைக்கும்.
அதுக்கு முன்னாடி அவ நடந்தா
நான்தான் பின்தங்குவேன். அப்படிப் போட்டுக்க."

வைக்கும் முன் கேட்டார்:
அடுத்த வருஷமும் கூப்பிடுவீங்களா?
பட்டியலிலிருந்து பெயர் தானாகவே போய்விடும்.
பார்க்கிறேன் ஐயா என்றேன்.

மாலையில் புள்ளியியலாளர் கோட்டை வரைந்து அனுப்புகிறார்.
நூற்றில் தொடங்கிப் படிப்படியாய் இறங்கும் கோடு;
திரும்பக் கழற்றிய மூட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு படி.
செங்கமலத்துக்கு அது இறங்கவில்லை.
தண்டு அசையவில்லை, கிண்ணம் ஆடவில்லை,
ஆள்தான் இல்லை.
அதற்குக் கோட்டின்மேல் நகக்கீறல் அளவுக்கு
ஒரு செங்குத்துக் குறி.
தணிக்கை என்கிறார் அதை,
சினிமாவுக்குச் சொல்வது போலவே.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
பதினோரு வருடத்துக்குக் கொஞ்சம் முன்னால்.