நடுமடிப்பு

முப்பத்து நான்கு, முப்பத்தைந்தாம் பக்கங்கள்.
விரித்தால் ஒரே படம்:
தலவாக்கலை, மேற்கணக்கு,
பிள்ளைக்காம்பரா முற்றத்தில்
ஜெசிந்தாவின் இடுப்பைச் சுற்றும் சிவப்பு வளையம்.

மடிப்பு சரியாக இடுப்பில் விழுகிறது.
வலப்புறம் நகர்த்தினேன், வளையம் அறுந்தது.
இடப்புறம் நகர்த்தினால்
பீலியடியில் வரிசை நிற்கும் வாளிகளும்
கூடவே வந்துவிடுகின்றன.
“அதை வெட்டுங்க, கலோரிக் கட்டம் அங்க வரட்டும்”
என்றார் ஆசிரியர்.

எண் கேட்டு அழைத்தேன்.
“கொழுந்தெடுத்து எரிஞ்சது போக
மிச்சத்தையா கேக்குறீங்க?”
சிரித்தாள்.
பின்னால் யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள்:
நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதின்மூன்று, ஐயோ!

வாளிகள் நிற்கட்டும்.
கட்டத்தை எடுத்துவிட்டேன்.
வளையம் மட்டும் வெட்டுக்கோட்டைத் தாண்டுகிறது,
அச்சகத்தில் கேட்டிருக்கிறேன்
மூன்று மில்லிமீட்டர்
கூடுதல் தாள்.