சரிபார்ப்பு இலக்கம்

மொயின்ட்டி சரக்கு யார்டு. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
பேனாவில் மை உறைந்துவிடும், அதனால் பென்சில்தான்.
கராகண்டியிலிருந்து வந்த ரயிலில் அறுபத்து நான்கு பெட்டிகள்.
நாற்பத்தொன்றாவதன் விலாவில் கரித்தூளைக் கையுறையால் துடைத்தேன்:
33550336.

மூன்றில் தொடங்கினால் ‘இதர வகை’.
தொட்டியில்லை, தளமில்லை, எந்தக் கூட்டத்திலும் சேராதது.
கடைசி ஆறு, காவலுக்கு நிற்பது.
ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து,
பத்து வந்தால் ஒன்றும் பூஜ்யமுமாய் உடைத்துக் கூட்டினால்
இருபத்து நான்கு. முப்பதுக்கு ஆறு வேண்டும்.
ஆறு இருக்கிறது. எழுதியவன் கை தடுமாறவில்லை.

இத்தோடு என் வேலை முடிந்தது. சம்பளம் இவ்வளவுக்குத்தான்.

ஆனாலும் இரட்டைப்படையைக் கண்டால்
பாதியாக்கிப் பார்க்கிற புத்தி.
பாதி, அதில் பாதி, அதிலும் பாதி.
பன்னிரண்டு வெட்டுக்கும் மீதி விழவில்லை.
பிறகு 8191. கத்தி இறங்க மறுத்தது.
மூன்று, ஐந்து, ஏழு என்று எண்பத்தொன்பது வரை
பகா எண் ஒவ்வொன்றாய்க் கொண்டுபோய் முட்டினேன்.
கதவு திறக்கவில்லை. அதுவும் பகா எண்.

ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு…
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு வரை கூட்டினால்
மறுபடி அதே 8191.
அதன் மடங்குகளையும் சேர்த்தேன், எண்ணை மட்டும் வெளியே நிறுத்தி.
பென்சில் முனை உடைந்தது. பல்லால் சீவினேன்.
வகுக்கிறவை எல்லாம் கூடி வந்து நின்ற இடம்
மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்து
ஐம்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தாறு.
குன்றிமணி கூடவில்லை, குறையவில்லை.
நிறை எண்.

இந்தப் பக்கத்து வீட்டுக்காரன், ஐந்தில் முடிகிறவன், மிகை எண்.
ஒற்றைப்படையில் அப்படி வாய்ப்பது அபூர்வம்.
பங்குகளைக் கூட்டினால்
தன்னைவிட அறுபத்து மூன்று லட்சத்துச் சொச்சம் அதிகம்.
அந்தப் பக்கத்தவன், ஏழில் முடிகிறவன்,
இருபத்து மூன்று வரை எதற்கும் வசப்படாதவன்;
எப்படிக் கூட்டினாலும் தன்னை எட்டமாட்டான். குறை எண்.
இரண்டுக்கும் இங்கே பெட்டி கிடையாது.
கடைசி இலக்கம் ஒத்துவராது;
எங்கள் தண்டவாளத்தில் மிகையும் குறையும் நிற்க முடியாது.

ஸபிர்கான் சுத்தியலோடு வந்தான்,
சக்கரம் சக்கரமாய்த் தட்டிக்கொண்டு.
ணங். ணங். ணங்.
பிறகு, ஈர மண்ணில் செருப்பு விழுந்த மாதிரி ஒரு சத்தம்.
மறுபடி தட்டினான். அதே சத்தம்.
விளக்கைக் கிட்டே பிடித்தான். மயிரிழை.

“நம்பரைச் சொல்லு, குல்பர்ஷின்.”
மூன்று மூன்று ஐந்து ஐந்து என்று வாய் சொல்ல,
உள்ளே எதுவோ கூட்டிக்கொண்டே போயிற்று: இருபத்தெட்டு.
அதுவும் நிறை எண்.
அவனிடம் சொல்ல வாயெடுத்தேன்.
அவன் சுண்ணாம்புக் கட்டியால் பெரிதாய்ப் பெருக்கல் குறி போட்டு
அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான்.

பதிவேட்டில் எழுதினேன்:
விரிசல். இடப்பக்கம், மூன்றாம் சக்கரம். கழற்றி நிறுத்தவும்.

விடியுமுன் ரயில் பல்ஹாஷ் பக்கம் கிளம்பியது,
அறுபத்து மூன்று பெட்டிகளோடு.
இதைப் பிரிக்க வேண்டாம், கை விறைத்துவிட்டது,
போய்த் தேநீர் குடிப்போம் என்று நடந்தேன்.
ஏழொன்பது அறுபத்து மூன்று என்றது வாய்.