தலைக்கு மேல் கோதுமை

ரொசாரியோவில்,
பனைகள் இரண்டு வரிசையாய் நிற்கும் அகலச் சாலையில்,
தானிய வியாபாரி பெல்மோந்தி கட்டிய மாளிகையில்
காலை ஐந்தே முக்காலுக்கு விளக்கெரிகிறது.
நான்தான் போடுகிறேன்.
பதினொரு இயந்திரங்களையும் எழுப்பிவிட்டு
குழாய்களை அலசத் தொடங்குவேன்.

முன்பு இது நடனக் கூடம்.
இப்போது சிறுநீரகம் கைவிட்டவர்கள்
வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணிநேரம்
தங்கள் ரத்தத்தை வெளியே அனுப்பிவிட்டுக்
காத்திருக்கிறார்கள், அது திரும்பி வரும்வரை.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
வாசல் வெண்கலப் பட்டயத்தில் வருடம் இருக்கிறது,
சட்டத்தின் எண்ணும் இருக்கிறது.
அதனால் இயந்திரங்கள் எல்லாம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி,
பெரிய இடத்து விருந்துக்கு முதல்முறை வந்தவர்கள் மாதிரி
எதிலும் சாயாமல் நிற்கின்றன.
கடிகாரம் தொங்குவது ஒரு கோட் ஸ்டாண்டில்.
ஒயின் கிடந்த நிலவறையில் தண்ணீரைச் சுத்தம் செய்கிறோம்:
ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு நூற்றிருபது லிட்டர்.
அதே ஆள் ஒரு நாளில் குடிக்கலாம்
மூன்று குவளை.

ஏழாம் நாற்காலி எவுஃபிராசியோ.
துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் மூட்டை சுமந்தவர்.
முதல் மாதம் வாயே திறக்கவில்லை.
இரண்டாம் மாதம், ஒரு வியாழக்கிழமை,
"தப்பு" என்றார்.
ஊசி நழுவியதோ என்று ஓடினேன்.
அவர் விரல் மேலே காட்டியது.

மேலே ஒரு பெண்
கொம்பைச் சரித்துக் கோதுமை கொட்டிக்கொண்டிருக்கிறாள்,
நூறு வருடத்துக்கு மேலாக, ஒரு மணிகூடத் தரையைத் தொடாமல்.
அவள் காலடியில் கப்பல், மூட்டை, மேகம்.
"அந்த முடிச்சைப் பார். தூக்கினால் அவிழ்ந்துவிடும்.
வரைந்தவன் கரைப்பக்கமே வந்ததில்லை."
எட்டாம் நாற்காலி நெலிடா
கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:
"முடிச்சு கிடக்கட்டும்.
எனக்கு உப்பில்லாத ரொட்டி, அவளுக்கு அத்தனை கோதுமையா?"

இன்னொன்றையும் அவர்தான் கண்டுபிடித்தார்.
வடகிழக்கு மூலையில், மேகத்துக்குப் பின்னால்,
சாரத்தில் மல்லாந்து கிடக்கும் ஒரு குட்டி மனிதன்.
ஒரு கையில் தூரிகை, மறு கையில் கடித்த வெங்காயம்.
நின்றால் மேகம்தான் தெரியும்.
உட்கார்ந்தாலும் மேகம்தான்.
கட்டிப் பார்த்தவர் இந்த வீட்டைப்
படுத்துப் பார்க்கவில்லை.

பாரம்பரியத் துறையிலிருந்து ஸ்கராஃபியா அம்மையார்
வருடம் ஒருமுறை வருவார். கையில் டார்ச்,
காதைச் சுவரில் வைத்துத் தட்டிப் பார்க்கும் வழக்கம்.
வெங்காயக்காரனைப் பற்றிச் சொன்னோம்.
"கோப்பில் அப்படி யாரும் இல்லை" என்றார்.

அன்று பேருந்து வேலைநிறுத்தம். ஏழு காலி.
அம்மையார் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார்,
காலணியைக் கழற்றினார்,
படுத்தார்.
ஒரு காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.
பத்து நிமிடம். பதினைந்து.
நான் எட்டாம் நாற்காலியின் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

எவுஃபிராசியோ நடந்தே வந்து சேர்ந்தார், மழையில் நனைந்து.
தன் இடத்தில் அரசாங்கம் படுத்திருப்பதைப் பார்த்து
தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.
"முடிச்சு?"
"அவிழும்தான்" என்றார் அம்மையார், எழாமல்.

எழுந்த பிறகு அவர் குறித்துக்கொண்டது முடிச்சை அல்ல.
கொம்பின் வாய்க்குக் கீழே ஓர் ஈரக்கறை, உள்ளங்கை அளவு.
மாடிக் குழாய் கசிகிறது.
பூச்சை உடைக்காமல் குழாயைத் தொட முடியாது,
பூச்சை உடைக்க அனுமதி வேண்டும்,
அனுமதிக்கு மூன்று பிரதிகள் வேண்டும்.
மூன்றும் அனுப்பியாயிற்று, மார்ச் மாதமே.

அதுவரை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு வாளி.
சொட்டு.
எவுஃபிராசியோ ஒரு பனிக்கட்டியை
கன்னத்தில் ஒதுக்கிக் கரையவிட்டபடி
வாளியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.
"மூன்று குவளை ஆயிற்று" என்கிறார்,
"பத்தரை மணிக்குள்."