விலகிய புள்ளி

மட்டக்குளி டிப்போவில்
பஸ்களுக்கடியில் மல்லாந்து கிடந்து
முப்பத்தொரு பிரேக் லைனிங் அளந்தேன்.
வெர்னியரில் கிரீஸ்,
கொப்பியில் என் பெருவிரல்.

முப்பதும் மாதக் கணக்குக்குச் சரியாகத் தேய்ந்திருந்தன.
ஒன்று மட்டும்
பஞ்சிகாவத்தையில் நேற்று வாங்கியதுபோல்.

"அதை வெட்டிவிடும், ருஷ்தா.
வரைபு அழகாகும்" என்றார் விரிவுரையாளர்.
மனம் வரவில்லை.
காலி வீதி நெரிசலில்
பிரேக்கைத் தொடாமல் ஓட்டும் ஒரு சாரதி!
அவருக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கலாம்.

தேடிப் போனேன்.
டிக்கட் மெஷினைத் தட்டிக்கொண்டே
கண்டக்டர் சொன்னார்:
"அதுவா? கியர்பொக்ஸ் போய்
ஆறு மாசமா நிக்குது, புள்ள."

ஐந்தாம் அத்தியாயம்.
ஆய்வின் மட்டுப்பாடுகள்.
முதல் வரி:
மாதம் கேட்டேன்,
கிலோமீற்றர் கேட்கவில்லை.